விளையாடும் பிள்ளைகளின் முட்டி வலி: தசைநாண் காயம் பற்றிச் சில விளக்கங்கள்

"பையனுக்கு முட்டியில் ஜவ்வு போய்விட்டது" என்று சொல்லிக்கொண்டு, மருந்துச் சீட்டுகளோடு மருத்துவ உதவி கேட்டு வரும் பெற்றோரை நம் அறக்கட்டளை அலுவலகத்தில் அடிக்கடி பார்க்கிறோம். கால்பந்து, வாலிபால், கபடி ஆடும் பிள்ளைகள்தாம் பெரும்பாலும். சீட்டை வாங்கிப் பார்த்தால் சிலவற்றில் ஜவ்வு பற்றிய பேச்சே இருக்காது. 'பட்டெல்லர் டெண்டன்' என்று எழுதியிருக்கும். இரண்டும் வேறு வேறு. வைத்தியமும் வேறு, செலவும் வேறு. அதனால் இந்த இதழில் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

நாம் பேச்சில் ஜவ்வு என்று சொல்வது பொதுவாக எலும்பையும் எலும்பையும் பிணைக்கும் நாரை. அது கிழிந்தால் முட்டி வீங்கும், நடக்கும்போது கால் மடங்கி விழப் பார்க்கும். தசைநாண் என்பது தசையை எலும்போடு கட்டும் கயிறு. முன்தொடைத் தசை கீழே இறங்கி முட்டிச் சில்லைப் பிடிக்கிறது. அந்தச் சில்லின் கீழ்முனையிலிருந்து ஒரு பட்டையான நாண் இறங்கிக் கீழ்க்கால் எலும்பின் மேட்டில் ஒட்டுகிறது. காலை நீட்டுவது, உதைப்பது, எம்பிக் குதிப்பது எல்லாமே இந்த நாண் வழியாகத்தான். குதித்து இறங்கும் நொடியில் உடல் எடையைப் போலப் பல மடங்கு பாரம் இதன்மேல் விழுகிறது.

கயிறு திரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் நோய் எளிதில் புரியும். நல்ல நாணில் இழைகள் ஒரே திசையில் நெருக்கமாக முறுக்கிக் கிடக்கும். தாங்கும் அளவுக்கு மேல் திரும்பத் திரும்ப இழுபட்டால், உடல் பழுது பார்த்து முடிக்கும் முன்பே அடுத்த இழுப்பு வந்துவிடுகிறது. இழைகள் கலைந்து, நாண் தடித்து, பலம் குறைகிறது. தசையைப் போல இதற்கு ரத்த ஓட்டம் தாராளமாகக் கிடையாது. ஆகவே ஆறுவதும் மெதுவாகத்தான்.

பாரம் திடீரென்று கூடும்போதே இது பெரும்பாலும் ஆரம்பிக்கிறது. நம் பிள்ளைகளின் வழக்கத்தையே பாருங்கள். நோன்பு மாதம் முழுவதும் பயிற்சி இல்லாமல் இருந்துவிட்டு, பெருநாள் விடுமுறையில் நாலு நாள் தொடர் போட்டி. அல்லது ஆறு மாதம் சும்மா இருந்துவிட்டு, கல்லூரித் தேர்வு முகாமில் காலையும் மாலையும் ஓட்டம். தசை இரண்டு வாரத்தில் ஈடுகொடுத்துவிடும். நாணுக்கு மாதங்கள் வேண்டும்.

அடையாளம் தெளிவானது. சில்லின் கீழ்முனையில் இந்த இடம்தான் என்று ஒரே விரலால் தொட்டுக் காட்டுவார்கள். ஆட்டம் தொடங்கும்போது வலிக்கும், உடம்பு சூடானதும் குறையும், மறுநாள் காலை படி இறங்கும்போது அதிகமாகத் தெரியும். முட்டி முழுதும் வீங்குவதில்லை. நடுவில் வலி குறைவதால்தான் பிள்ளைகள் மாதக்கணக்கில் மறைத்து ஆடுகிறார்கள். வாப்பாவிடம் சொன்னால் ஆட்டத்தையே நிறுத்திவிடுவார் என்ற பயமும் அதில் சேர்ந்துகொள்கிறது.

அந்தப் பயத்துக்கு அவசியமில்லை. முழு ஓய்வு இதற்கு மருந்தே அல்ல. மூன்று மாதம் படுத்திருந்தால் வலி போகும், நாணின் பலமும் கூடவே போகும். மைதானத்தில் இறங்கிய வாரமே பழைய வலி திரும்பும். குதிப்பதையும் வேக ஓட்டத்தையும் மட்டும் குறைத்து, அளந்து பாரம் கொடுத்து நாணை மறுபடி பலப்படுத்துவதுதான் இன்று பிசியோதெரபிஸ்ட்கள் கடைப்பிடிக்கும் வழி.

முதலில் அசைவில்லாத பயிற்சி. சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியில் பாதி உட்கார்ந்தது போல 30 முதல் 45 வினாடி நிற்பது, ஓரிரு நிமிடம் இளைப்பாறி மறுபடி நிற்பது, இப்படி 5 முறை. பலருக்கு வலியே இதில் தணியும். அடுத்த கட்டம் எடையோடு மெதுவாக உட்கார்ந்து எழுவது. இறங்க 3 வினாடி, ஏற 3 வினாடி, ஒருநாள் விட்டு ஒருநாள். ஜிம் இல்லாதவர்கள் முதுகுப் பையில் அரிசியை நிரப்பிக்கொண்டு செய்யலாம். குதிப்பதும் வெட்டித் திரும்புவதும் கடைசிக் கட்டம். எல்லாம் முடியக் குறைந்தது 3 மாதம் ஆகும், 6 மாதமும் ஆகலாம். பயிற்சியின்போது பத்துக்கு மூன்று அளவு வலி இருந்தால் பாதகமில்லை. மறுநாள் காலைக்குள் அது அடங்கிவிட வேண்டும். அடங்காவிட்டால் எடையைக் குறைக்க வேண்டும், பயிற்சியை நிறுத்திவிட வேண்டியதில்லை. எந்தக் கட்டத்தில் யார் இருக்கிறார் என்பதைப் பார்த்துச் சொல்ல, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பிசியோதெரபி பிரிவு இருக்கிறது. முதல் தடவை அங்கே காட்டிவிட்டு ஆரம்பிப்பது நல்லது.

ஊசி விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறோம். "ஒரு ஊசி போட்டால் சனிக்கிழமை ஆடிவிடலாம்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஸ்டீராய்டு ஊசி சில வாரம் வலியை மறைக்கும், பிறகு நிலைமை மோசமாகும். நாண் அறுந்துபோகும் ஆபத்தும் உண்டு. பி.ஆர்.பி. என்று ரத்தத்தைப் பிரித்துப் போடும் ஊசிக்குப் பணம் நிறைய ஆகிறது. அது பயிற்சியைவிட மேலானது என்று உறுதியாக நிரூபணமாகவில்லை. எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் எல்லாருக்கும் தேவைப்படாது. தொட்டுப் பார்த்தே டாக்டர் பெரும்பாலும் சொல்லிவிடுவார். கடன் வாங்கி ஸ்கேன் எடுத்துவிட்டு அதன்பின் நம்மிடம் வருகிறவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறோம். இன்னொன்று: சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு எதற்கும் மருந்துக்கடையில் நாமாகவே வாங்கும் சிப்ரோஃப்ளாக்சசின், லிவோஃப்ளாக்சசின் வகை மாத்திரைகளுக்குத் தசைநாணைக் கெடுக்கும் குணம் உண்டு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-லேயே இதற்குக் கடும் எச்சரிக்கை போட வைத்தது.

காத்திருக்கவே கூடாத நிலை ஒன்று இருக்கிறது. எம்பும்போதோ காலை ஊன்றும்போதோ 'டப்' என்று ஒரு சத்தம், உடனே விழுந்துவிடுவது, அதன்பின் முட்டியை மடக்காமல் காலை நேராகத் தூக்க முடியாமல் போவது, சில்லு மேலே ஏறி அதற்குக் கீழே பள்ளம் தெரிவது. நாண் முழுதாக அறுந்துவிட்டது என்பதற்கு இவை அடையாளங்கள். அன்றைக்கே எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும். கட்டுப் போடுபவரிடம் போய், எண்ணெய் போட்டு உருவி, மூங்கில் பத்தை வைத்து ஒரு மாதம் கட்டி வைத்தால், அறுந்த நாண் மேலே சுருங்கிப்போகும். முதல் இரண்டு வாரத்துக்குள் எளிதாக முடிந்திருக்க வேண்டிய அறுவை சிகிச்சை பிறகு பெரிய வேலையாகிவிடும். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு, முக்கியமாகச் சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு, சில்லுக்கு மேலே உள்ள நாண் இதே போல அறுவதுண்டு. படியில் சறுக்கினாலே போதும்.

பிரேசில் கொடியைத் தெருவில் கட்டும் நம் பிள்ளைகளுக்கு ரொனால்டோவின் கதை தெரிந்திருக்க வேண்டும். போர்ச்சுகல்காரர் அல்ல, மூத்தவர். 1999 நவம்பரில் முட்டி நாணில் காயம், அறுவை சிகிச்சை. ஐந்து மாதம்கூட முடியவில்லை, 2000 ஏப்ரல் 12 அன்று ரோமில் இத்தாலியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இறங்கினார். சில நிமிடங்களிலேயே, யாரும் தொடாமலே, அதே நாண் முழுதாக அறுந்தது. இரண்டாவது தடவை அவசரப்படவில்லை. பாரிஸில் அறுவை, பிறகு ஓராண்டுக்கு மேல் பொறுமையான பயிற்சி. 2002 உலகக் கோப்பையில் 8 கோல், அதில் 2 இறுதி ஆட்டத்தில்.

தொழுகை பற்றிக் கேட்கிறார்கள். சாதாரண நாண் வலிக்கு ஸஜ்தாவும் இருப்பும் தீங்கு செய்வதில்லை. சில்லு தரையில் அழுந்துவது வலித்தால் தடித்த விரிப்பு போட்டு, கையை ஊன்றி மெதுவாக இறங்கினால் போதும். அறுவை சிகிச்சை ஆனவர்கள் முட்டியை எவ்வளவு மடக்கலாம் என்பதை மருத்துவர் சொல்லும் வரை நாற்காலியில் அமர்ந்து தொழலாம். நோயாளிக்கு மார்க்கம் கொடுத்த சலுகை அது. இருபது வயதுப் பையன் நாற்காலியில் தொழுவதைப் பார்த்துப் பெரியவர்கள் முகம் சுளிக்க வேண்டாம்.

பத்திலிருந்து பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்குச் சில்லுக்கு ஓரங்குலம் இரண்டங்குலம் கீழே, எலும்பு மேட்டிலேயே புடைத்து வலித்தால், அது வளரும் எலும்பை நாண் இழுப்பதால் வருவது. ஆட்டத்தைச் சற்றுக் குறைத்தால் வலி தணியும், வளர்ச்சி முடியும்போது பெரும்பாலும் தானே போய்விடும். புடைப்பு மட்டும் சிலருக்கு அப்படியே நின்றுவிடும். அதனால் தொந்தரவு இல்லை. ஆனால் இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலி, காய்ச்சல், நொண்டல் இருந்தால் அது வேறு. அதைத் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.