காளவாசலில் முன்பணமும் கூலிக் கணக்கும்

மதுரை நகரின் மேற்குப் புறத்திலே, தேனிக்குச் செல்லும் சாலையும் புறவழிச் சாலையும் கூடுமிடத்திற்குக் காளவாசல் என்று பெயர். இன்று அங்கே காணப்படுவன மேம்பாலமும் கடைகளும் ஓயாத வாகனப் போக்குவரத்துமே. ஆயினும் செங்கற் சூளையைக் காளவாசல் என்று அழைக்கும் வழக்கம் இவ்வட்டாரத்தில் இன்றும் உண்டு. வைகைக் கரையிலுள்ள கீழடியில் 2015 முதல் நடைபெற்று வரும் அகழாய்வுகளில் பழங்காலச் செங்கற் கட்டுமானங்கள் வெளிப்பட்டதை யாவரும் அறிவர். மண்ணைக் குழைத்து, அச்சிலிட்டு, அறுத்து, காய வைத்துச் சுடும் தொழில் இந்தச் சமவெளிக்குப் புதியதன்று.

இத்தொழிலை நடத்துவோரில் பலர் விவசாயிகளே. பயிர் வேலை குறைந்த கோடை மாதங்களில் தம் நிலத்திலேயே சூளை வைப்போர் உண்டு. நிலத்தைச் சூளைக்குக் குத்தகைக்கு விடுவோரும் உண்டு. சூளையில் தகராறு ஏற்படும்பொழுது முதலில் அழைக்கப்படுவோர் பஞ்சாயத்து அங்கத்தினர்கள். ஆகவே, கூலி கொடுப்பவர் செய்யத் தக்கது எது, தகாதது எது என்பதை இவ்விரு சாராரும் தெளிவாக அறிந்திருத்தல் நலம்.

முன்பணம் குற்றமா?

செங்கல் அறுக்கும் குடும்பம் வெளியூரிலிருந்து வருகிறது. வருமுன் ஒரு தொகையை முன்பணமாகப் பெறுகிறது. கலியாணச் செலவோ, மருத்துவச் செலவோ, மழைக்காலத்தில் வேலையின்றி வாங்கிய கடனோ அதற்குக் காரணமாயிருக்கும். முன்பணம் கொடுப்பது மட்டுமே குற்றமாகாது. ஆனால் அப்பணத்தைக் காரணமாக வைத்துத் தொழிலாளியின் சுதந்திரத்தைப் பிடித்து வைப்பது பெருங்குற்றமாகும்.

ஓர் உதாரணத்தால் இதை விளக்கலாம். வைகாசி மாதத்தில் ஊரிலிருந்து தாய் நோயுற்ற செய்தி வருகிறது. தொழிலாளி போக வேண்டுமென்கிறார். “பாக்கியைத் தீர்த்துவிட்டுப் போ” என்கிறார் முதலாளி. அல்லது, “மனைவியையும் பிள்ளையையும் இங்கே விட்டுவிட்டுப் போ” என்கிறார். முதலாளிக்கு இது தம் பணத்தைக் காத்துக்கொள்ளும் சாதாரணப் பேச்சாகத் தோன்றலாம். சட்டத்தின் கண்ணில், கூலி வேலை கொத்தடிமையாக மாறும் இடம் இதுவே.

1976-ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழில் முறை ஒழிப்புச் சட்டம் 1975 அக்டோபர் 25 முதலே நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்படுகிறது. கடனுக்கு ஈடாக ஒருவர் கூலியின்றியோ பெயரளவான கூலிக்கோ உழைப்பதும், விருப்பமான இடத்திற்குச் செல்லும் உரிமையை இழப்பதும், வேறிடத்தில் வேலை தேடும் உரிமையை இழப்பதும் கொத்தடிமையின் அடையாளங்கள் என்று அச்சட்டம் கூறுகிறது. இவற்றில் ஒன்று இருந்தாலே போதும். சங்கிலியும் பூட்டும் தேவையில்லை. அத்தகைய கடன் சட்டப்படி அழிந்துபோகிறது. குற்றம் செய்தவருக்கு 3 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனையும் 2,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். அது கொத்தடிமைக் கடன் அன்று என்று நிரூபிக்கும் பொறுப்பும் கடன் கொடுத்தவரையே சாரும்.

அரசியல் சட்டத்தின் 23-ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவதும் கட்டாய உழைப்பே என்று 1982-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வறுமையின் நெருக்குதலும் ஒரு பலவந்தமே என்பது அத்தீர்ப்பின் சாரம். ஆகவே, “அவராகத்தானே ஒப்புக்கொண்டார்” என்னும் சமாதானம் சட்டத்தின் முன் நில்லாது.

குடும்பக் கணக்கின் குறை

சூளைகளில் ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி பேசுவர். கணக்கு கணவர் பெயரில் மட்டும் இருக்கும். உதாரணத்திற்காக மட்டும் ஒரு கணக்கைப் பார்ப்போம். ஆயிரம் கல்லுக்கு 900 ரூபாய் என்றும், கணவனும் மனைவியும் சேர்ந்து நாளொன்றுக்கு ஆயிரம் கல் அறுக்கின்றனர் என்றும் கொள்வோம். ஏட்டில் ஒருவர் பெயரில் 900 ரூபாய் என்று எழுதும்பொழுது அது நல்ல கூலியாகத் தோன்றுகிறது. உழைத்தவர் இருவராதலின் தலைக்கு 450 ரூபாயே ஆகிறது. குறைந்தபட்சக் கூலி 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு இருவருக்குமாக 100 ரூபாய் குறைகிறது. மாதம் 25 நாள் வேலையென்றால் 2,500 ரூபாய். 6 மாதத்தில் 15,000 ரூபாய். பருவ முடிவில் அதே குடும்பத்தின் பெயரில் 15,000 ரூபாய் முன்பணப் பாக்கி இருப்பதாக முதலாளி சொல்கிறார். உண்மையில் யாருக்கு யார் கடன்பட்டிருக்கிறார் என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.

ஆகையால் ஒவ்வொருவர் பெயரையும் தனித்தனியே எழுதுதல் இன்றியமையாதது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வேலைக்கு ஒரே கூலி என்பதும் சட்டமே. 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வேலைக்கு வைத்தல் கூடாது. “தாய் தகப்பனுக்கு உதவியாகக் கல்லைப் புரட்டுகிறான்” என்று கூறித் தப்ப இயலாது. சூளை அக்குடும்பத்தின் சொந்தத் தொழில் அன்று.

கூலிச் சட்டம் கூறுவது

1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும், 1936-ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டமும், வேறு இரு சட்டங்களும் ஒன்றாக்கப்பட்டு 2019-இல் கூலித் தொகுப்புச் சட்டமாயின. இது 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்தது. அதன் முக்கிய விதிகளாவன:

1. கூலிக் காலம் ஒரு மாதத்திற்கு மேற்படலாகாது. வாரந்தோறும் செலவுக்கு மட்டும் கொடுத்துவிட்டு, பருவ முடிவில் கணக்குப் பார்க்கும் வழக்கம் சட்டத்திற்குப் புறம்பானது.

2. நாட்கூலியை அன்றைய வேலை முடிவிலும், வாரக் கூலியை வாரத்தின் கடைசி வேலை நாளிலும், மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள்ளும் கொடுத்தல் வேண்டும்.

3. ஒருவர் வேலையை விட்டு நின்றாலும் நிறுத்தப்பட்டாலும் 2 வேலை நாட்களுக்குள் அவர் கூலி முழுவதையும் தீர்த்தல் வேண்டும்.

4. எக்காரணம் பற்றியும் ஒரு கூலிக் காலத்தில் பிடிக்கும் மொத்தத் தொகை கூலியில் பாதிக்கு மேற்படலாகாது. வேலைக்கு வருமுன் வழிச்செலவுக்காகக் கொடுத்த பணத்தைப் பிடித்தல் கூடாது.

5. தொழிலாளியின் பொறுப்பில் ஒப்படைத்த பொருள் அவருடைய கவனக்குறைவால் கெட்டால் மட்டுமே நஷ்டத்தைப் பிடிக்கலாம். கோடை மழையில் பச்சைக் கல் கரைந்தால் அது தொழிலாளியின் பிழையன்று. அந்நஷ்டத்தை அவர் தலையில் சுமத்துதல் தகாது.

6. கூலி கொடுத்ததற்குச் சீட்டு வழங்க வேண்டும். வழக்கு வந்தால், கொடுத்தேன் என்று காட்ட வேண்டியவர் முதலாளியே. தொழிலாளி 3 ஆண்டுகள் வரை உரிமை கோரலாம்.

விவசாயத்திற்கோ வீட்டு வேலைக்கோ 5 பேருக்கு மேற்படாமல் வைத்திருப்பவருக்குப் பதிவேடு வைப்பதிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் அதிகாரி கேட்கும்பொழுது கூலி கொடுத்ததற்குத் தக்க சான்று காட்டுதல் அவருக்கும் கடமையாகும். எனவே சிறு விவசாயிக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் உதவும். செங்கல், ஓடு தயாரிக்கும் தொழிலுக்கும் விவசாய வேலைக்கும் அரசு நிர்ணயித்துள்ள கூலி விகிதங்களைத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டறியலாம். பஞ்சப்படி மாறுவதால் ஆண்டுதோறும் கேட்டறிதல் அவசியம்.

முதலாளியின் அச்சம்

சூளைக்காரரின் கஷ்டத்தையும் இங்கே மறத்தல் கூடாது. அவரும் வட்டிக்கு வாங்கியே முன்பணம் கொடுத்திருப்பார். பணம் பெற்றவர் பாதியில் வேறு சூளைக்குப் போய்விட்டால் அவருக்கு நஷ்டமே. இதற்கு வழி ஆளைப் பிடித்து வைப்பதன்று. பெருந்தொகையை ஒரே தடவையில் கொடாமல் சிறு சிறு தொகையாகக் கொடுக்கலாம். வாராவாரம் கூலியைக் குறைவின்றிக் கொடுத்து, தொழிலாளியின் கையிலும் ஒரு கணக்குப் புத்தகம் கொடுக்கலாம். குடிநீரும் நிழலும் கழிப்பிடமும் அமைத்து, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்துவிடலாம். கணக்கு நேராயிருக்குமிடத்திற்குத் தொழிலாளி அடுத்த பருவத்திலும் தாமே வருவார். ஆதார் அட்டை, குடும்ப அட்டை முதலியவற்றை வாங்கி வைத்துக்கொள்வதும், “அவரைச் சேர்க்காதீர்” என்று மற்றச் சூளைக்காரர்களிடம் சொல்லி வைப்பதும், வேலை தேடும் சுதந்திரத்தைப் பறிக்கும் செயல்களேயாகும்.

பஞ்சாயத்தின் கடமை

இத்தகைய தகராறுகளில் சமரசம் செய்வது நற்பணி என்று அங்கத்தினர்கள் கருதுவது இயல்பே. ஆனால் ஓர் எச்சரிக்கை. “பாதியைக் கட்டிவிட்டுப் போகட்டும்” என்று தீர்ப்புச் சொல்வது நியாயம் போல் தோன்றும். கொத்தடிமைக் கடன் அழிந்துபோன கடனாதலால், அதற்காக ஒரு ரூபாய் வாங்குவதும் குற்றமாகும். அதற்குத் துணை நிற்பவருக்கும் குற்றவாளிக்குரிய தண்டனையே உண்டு. ஆகவே, போக விரும்பும் குடும்பத்தை முதலில் போகவிடச் செய்தல் வேண்டும். கடன் வேறு, உழைப்பு வேறு. கொத்தடிமை என்று ஐயம் தோன்றினால் உடனே கோட்டாட்சியருக்கோ மாவட்ட ஆட்சியருக்கோ தெரிவித்தல் வேண்டும். மாவட்டத்திலும் கோட்டத்திலும் கண்காணிப்புக் குழுக்கள் அமைக்கச் சட்டம் வகை செய்துள்ளது. 2016-ஆம் ஆண்டின் மத்திய அரசுத் திட்டப்படி, விடுவிக்கப்பட்டோரின் மறுவாழ்வுக்கு ஆண்களுக்கு 1 லட்சமும், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சமும், மிகக் கொடுமைக்குள்ளானோருக்கு 3 லட்சமும் ரூபாய் உதவி உண்டு.

வெளியூர்க் குடும்பங்கள் வந்து இறங்கியவுடனே அவர்களுடைய பெயர்களையும் பிள்ளைகளின் வயதையும் குறித்துக்கொண்டு, பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் தெரிவிப்பது பஞ்சாயத்தால் எளிதில் இயலும் காரியம். ஆண்டுதோறும் மே 1-ஆம் தேதி கிராம சபை கூடுகிறது. சூளைகளில் வேலை மும்முரமாக நடக்கும் காலமும் அதுவே. அன்றைய கூட்டத்திற்குச் சூளைக்காரர்களையும் தொழிலாளர்களையும் அழைத்து, அவ்வாண்டின் கூலி விகிதத்தை உரக்கப் படித்துக் காட்டலாம். கூலிக் கணக்கைத் தொழிலாளியும் அறிந்திருந்தால், பாக்கியைக் காட்டி எவரையும் ஊரில் நிறுத்தி வைக்க இயலாது.