கைக்கு அடங்கும் கருவி

மட்டக்களப்பு வாவியில் தோணி வலிப்பவன் தன் கைக்கு ஒத்த துடுப்பையே நாடுகிறான். வயலுக்குப் போகிறவன் மண்வெட்டிப் பிடியைத் தன் உள்ளங்கைக்கு ஏற்பச் சீவிக்கொள்கிறான். இதை எவரும் நூல் பார்த்துக் கற்றதில்லை. கருவி கைக்கு அடங்க வேண்டும் என்பது உழைப்பவர்களின் பழைய அறிவு.

ஒரேயொரு கருவியின் விடயத்தில் மாத்திரம் இவ்வறிவு எளிதில் மறந்துபோகிறது. அதுவே கைத்துப்பாக்கி. அமிர்தகழியில் என்னிடம் படிக்கும் மாணவர்கள் திரைப்படங்களைப் பார்த்துவிட்டு வந்து, “சேர், எல்லாவற்றிலும் பெரிய கைத்துப்பாக்கி எது?” என்று கேட்பதுண்டு. எந்தக் கைக்கு எது பொருந்தும் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. மாணவர்களைக் குறைகூறுவதற்கில்லை. வல்லரசுகளின் படைகளே நெடுங்காலம் முதற் கேள்வியை மாத்திரம் கேட்டுக்கொண்டிருந்தன. இரண்டாவது கேள்வியை அவற்றுக்குக் கற்பித்தது மனிதனுடைய கைதான்.

துப்பாக்கியின் பருமனைக் குழலின் உள்விட்டத்தால் அளப்பது வழக்கம். 0.45 அங்குலம் என்றால் ஏறக்குறைய பதினொன்றரை மில்லிமீற்றர். அத்தகைய பிஸ்தோலின் குண்டு சுமார் 15 கிராம் நிறையுடையது. 9 மில்லிமீற்றர்க் குண்டோ சுமார் 8 கிராம்தான். நியூற்றனின் மூன்றாம் விதியைப் படித்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. முன்னே பாயும் குண்டு எவ்வளவு உந்தத்தைக் கொண்டு போகிறதோ, அதற்கு ஈடான உந்தம் பின்னே கைக்கு வந்து சேரும். இதனையே பின்னுதைப்பு என்கிறோம். பெரிய குண்டை விரும்புகிறவன் பெரிய பின்னுதைப்பையும் கூடவே பெற்றுக்கொள்கிறான்.

இலங்கையை ஆண்ட பிரித்தானியரின் கதையை முதலில் பார்ப்போம். 1915 ஆம் ஆண்டில், முதலாம் உலகப் போரின் நடுவே, அவர்களுடைய படை வெப்ளி ஆறாம் மாதிரி என்னும் சுழல் துப்பாக்கியை ஏற்றது. அதன் அளவு 0.455 அங்குலம், நிறை ஒரு கிலோவுக்குச் சற்று அதிகம். முந்திய மாதிரிகளில் பறவைத் தலைபோல் வளைந்திருந்த பிடி, இதில் அடி சதுரமாகி, கை நிறையப் பற்றத்தக்கதாயிற்று. ஆயினும் போர் முடிந்தபின் படைத்துறையினர் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள நேர்ந்தது. குறுகிய காலப் பயிற்சி பெற்ற சாதாரணச் சிப்பாயின் கைக்கு அத்துப்பாக்கி அடங்கவில்லை. ஆகவே 1932 இல் 0.38 அங்குல அளவுடைய, நிறை குறைந்த என்பீல்ட் சுழல் துப்பாக்கியை ஏற்றார்கள். குறி தவறும் பெரிய குண்டைவிடக் குறியிற்படும் சிறிய குண்டே மேல் என்பது அவர்கள் கண்ட முடிவு.

அமெரிக்கர் சென்ற பாதை வேறு. பிலிப்பைன்ஸ் தீவுகளில் நடந்த சண்டைகளில் தங்கள் 0.38 அங்குலத் துப்பாக்கி போதிய வலுவற்றதெனக் கருதிய அவர்கள், 1904 இல் சோதனைகள் நடத்தி 0.45 அங்குலமே வேண்டும் எனத் துணிந்தார்கள். ஜோன் பிரௌனிங் வகுத்த பிஸ்தோல் 1911 இல் படைக்கு வந்தது. முதலாம் உலகப் போரின் அனுபவத்துக்குப் பின் அதைத் திருத்த முற்பட்டபோது அவர்கள் குழலைத் தொடவில்லை, கையைத்தான் நோக்கினார்கள். விசை குறுக்கப்பட்டது. குட்டையான விரலும் எட்டும்படி விசைக்குப் பின்னால் சட்டத்தின் இருபுறமும் குடையப்பட்டன. பிடியின் பின்புறம் உள்ளங்கையில் நிறைந்து அமரும்படி வளைக்கப்பட்டது. மேலேறிய கையைச் சுத்தி கடிக்காதிருக்கப் பிடியின் மேல்வால் நீட்டப்பட்டது. 1920களின் நடுவே செய்யப்பட்ட இத்திருத்தங்களோடு அந்தப் பிஸ்தோல் 1985 வரை அப்படையின் முறையான கைத்துப்பாக்கியாக நிலைத்தது.

இப்பாடம் ஒருமுறை கற்றால் மறவாத பாடமன்று. 1986 ஏப்ரலில் மியாமி நகரில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் அமெரிக்க மத்திய புலனாய்வுத் துறையின் இரு அதிகாரிகள் உயிரிழந்தார்கள். அதன் விளைவாக அத்துறை வலுமிக்க 10 மில்லிமீற்றர் ரவையைத் தேர்ந்தது. அதன் முழு வலு பலருக்கு மிகையாகவே, மருந்தைக் குறைத்தார்கள். குறைத்த பின்னும் துப்பாக்கி பெரிதாகவே இருந்தது. அதே விட்டமுள்ள குண்டைக் குட்டையான உறையில் இட்டு, சிறிய துப்பாக்கிக்கு ஏற்ற ரவை 1990 இல் வெளிவந்தது. இறுதியில், 2010களின் நடுவே, அத்துறை 9 மில்லிமீற்றருக்கே திரும்பிற்று. 2017 இல் அமெரிக்கத் தரைப்படை தேர்ந்த புதிய பிஸ்தோலோ சிறிது, நடுத்தரம், பெரிது என மூவகைப் பிடிகளை மாற்றிப் பூட்டத்தக்கது.

அப்படியாயின் பொருத்தத்தை அறிவது எங்ஙனம்? துப்பாக்கியில் ரவை இல்லை என்பதை முதலில் உறுதி செய்துகொண்டே பிடியைப் பற்றிப் பார்ப்பார்கள். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட கவடு பிடியின் உச்சியில் அழுந்தி அமர வேண்டும். குழலும் முன்கை எலும்பும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். அந்நிலை குலையாமல் சுட்டுவிரலின் முதற்கணு விசையில் படிய வேண்டும். ஏனைய மூன்று விரல்களும் பிடியை முழுமையாகச் சுற்ற வேண்டும். விரல் எட்டாதபோது பலர் துப்பாக்கியை உள்ளங்கையிலே சற்றுத் திருப்பிக்கொள்வார்கள். அத்திருப்பத்தில்தான் கேடு இருக்கிறது. முன்கை முழுவதும் ஏற்க வேண்டிய உதைப்பைப் பெருவிரல் மூட்டு ஒன்றே ஏற்க நேரும்; அடுத்த முறை சுடுமுன்பே கை அஞ்சும்; அஞ்சிய கை விசையை இழுக்காமல் துப்பாக்கியையே கீழே தள்ளும். இரட்டை அடுக்காக ரவை நிறைக்கும் பிஸ்தோல்களில் பிடியின் தடிப்பைக் குறைப்பது அரிது. சுழல் துப்பாக்கியில் ரவைகள் பிடிக்குள் இல்லாமையால், பெரிய அளவினதாயினும் பிடியை மெலிதாக மாற்றிக்கொள்ளலாம்.

விளையாட்டுக் களத்தில் குறி பார்ப்போர் இதனினும் ஒருபடி மேலே போவார்கள். மரப்பிடியை அராவியும், குறைந்த இடத்தில் பசை அப்பியும், தம் கையின் அச்சாகவே அதை ஆக்கிக்கொள்வார்கள். ஹங்கேரி நாட்டுக் கரோலி தகாச் என்னும் வீரர் 1938 இல் கைக்குண்டு வெடித்து வலக்கையைச் சிதைத்துவிட, இடக்கையைப் பழக்கி 1948 இலும் 1952 இலும் ஒலிம்பிக் தங்கம் வென்றார். அவர் சுட்டது சிறிய அளவுத் துப்பாக்கியாலே. ஆனால் கை பழகாமல் எக்கருவியும் பயன் தராது என்பதற்கு அவரினும் சிறந்த சான்று எனக்குத் தெரியாது.

இதுவரை சொன்னது எலும்பும் தசையும் பற்றிய பொருத்தம். எங்கள் நாட்டில் இருந்துகொண்டு இவ்வளவோடு நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

1959 செப்டெம்பர் 25 ஆம் திகதி, கொழும்பு ரோஸ்மீட் பிளேஸ் இல்லத்தில் பிரதமர் பண்டாரநாயக்க சுடப்பட்டார், மறுநாள் காலமானார். சுட்ட ஆயுதம் மேலே சொன்ன வெப்ளி வகைப் பெரிய சுழல் துப்பாக்கி. சுட்ட தல்துவே சோமாராம ஒரு பிக்கு, சுதேச வைத்தியக் கல்லூரியில் விரிவுரையாளர், கண் வைத்தியர். பயிற்சி குறைந்த சிப்பாயின் கைக்கு அடங்காதென ஒரு பேரரசின் படை ஒதுக்கிய துப்பாக்கி, சில அடி தூரத்தில் அந்த வைத்தியரின் கைக்குப் போதுமானதாயிற்று. கண்ணுக்கு மருந்திட்டுப் பழகிய கை அது. அவர் 1962 இல் தூக்கிலிடப்பட்டார். சுடுகலன் வைத்திருக்க அனுமதிப்பத்திரம் வேண்டும் எனும் கட்டளைச் சட்டம் இந்நாட்டில் 1916 முதலே இருக்கிறது. கையின் அளவைச் சட்டம் கேட்பதில்லை. கை யாருடையது என்பதையே அது கேட்கிறது.

1996 இல் கிராசா மாஷெல் அம்மையார் ஐக்கிய நாடுகள் சபைக்கு அளித்த அறிக்கை இன்னொன்றையும் உணர்த்திற்று. படைக்கலங்கள் எடை குறைந்து எளிமையாகி, பத்து வயதுப் பிள்ளையும் பிரித்துப் பூட்டத்தக்கவையானதால், சிறுவர்களைப் போரில் இறக்குவது எளிதாயிற்று. 2009 இல் முடிந்த போரின் காலத்தில் எங்கள் மட்டக்களப்பு மாவட்டத்துச் சிறுவர்களும் அவ்வாறு சேர்க்கப்பட்டார்கள். துப்பாக்கி கைக்குப் பொருந்தும்படி செய்த வினைஞரின் திறமை மெய்யானது. அத்திறமையே பொருந்தக்கூடாத கைக்கும் துப்பாக்கியைப் பொருத்திவிட்டது என்பதும் மெய்யே.

ஆகவே, பெரிய துப்பாக்கி எது என்று கேட்கும் மாணவனுக்கு நான் அளவுகளைச் சொல்கிறேன். படைகள் கற்ற பாடத்தையும் சொல்கிறேன். பிறகு அவன் கையை விரிக்கச் சொல்லி, அதில் எழுதுகோல் ஏற்றிய காய்ப்பைக் காட்டுகிறேன். அந்தக் கைக்கு எது பொருந்தியிருக்கிறது என்பதை அவனே பார்த்துக்கொள்ளட்டும்.