எலுமிச்சையும் போர்க்கப்பலும்

1498 அக்டோபர். வாஸ்கோ ட காமாவின் கப்பல்கள் இந்தியக் கரையை விட்டு ஆப்பிரிக்காவை நோக்கிப் பாய் விரித்தன. வரும்போது தென்மேற்குப் பருவக்காற்று பின்னாலிருந்து தள்ளியதால் அரபிக்கடலை 23 நாளில் கடந்தவர்கள் அவர்கள். திரும்பும்போதோ, காற்று திசை மாறும்வரை பொறுக்கவில்லை. அதே கடலைத் தாண்ட ஏறக்குறைய மூன்று மாதம் ஆயிற்று. மாலுமிகளின் ஈறு வீங்கிப் பல்லையே மூடியது, உடம்பெல்லாம் வீங்கியது. 30 பேர் இறந்துபோனார்கள். மூன்று கப்பலையும் ஓட்ட ஆள் இல்லாததால் ஒன்றைத் தாங்களே கொளுத்திவிட்டுப் போக வேண்டியதாயிற்று.

அவர்களை வீழ்த்தியது ஸ்கர்வி என்ற நோய். நம் தோல், ஈறு, ரத்தக் குழாய் எல்லாவற்றையும் கட்டிக் காப்பது கொலாஜன் என்னும் புரதம். மூன்று இழைகளை முறுக்கிய கயிறு போன்றது அது. முறுக்கு உறுதியாக நிற்க வைட்டமின் சி வேண்டும். நாயும் பூனையும் ஆடும் அதைத் தம் உடம்பிலேயே செய்துகொள்ளும். நம்மால் முடியாது, சாப்பிட்டுத்தான் பெற வேண்டும். அந்தக் காலக் கப்பலில் கிடைத்ததோ உப்பிட்ட இறைச்சியும் காய்ந்த பிஸ்கட்டும். இரண்டிலும் வைட்டமின் சி கிடையாது.

1740இல் ஆங்கிலேயத் தளபதி ஜார்ஜ் ஆன்சன் ஸ்பெயினோடு போரிடப் பசிபிக் கடலுக்குப் புறப்பட்டார். அவருடன் போன சுமார் 1,900 பேரில் 1,400 பேர் வரை இறந்தனர். எதிரியின் குண்டுக்குப் பலியானவர்கள் மிகச் சிலரே, மற்றவர்களில் பெரும்பாலோரை நோய்தான் கொன்றது. ஒரு முதிய வீரருக்கு 50 ஆண்டுகளுக்கு முன் ஆறிப்போன போர்க்காயம் மறுபடி திறந்துகொண்டதாம்! பழைய தழும்பும் கொலாஜன்தான். உடம்பு அதை ஓயாமல் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது என்பதற்கு இதைவிடக் கொடுமையான சான்று வேண்டுமா?

1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் 12 ஸ்கர்வி நோயாளிகளைத் தேர்ந்தெடுத்தார். எல்லாருக்கும் ஒரே இடம், ஒரே உணவு. இருவர் இருவராகப் பிரித்து, ஒரு ஜோடிக்கு வினிகர், ஒரு ஜோடிக்குக் கடல்நீர் என ஆறு விதமான மருந்துகள் கொடுத்தார். ஒரு ஜோடிக்குத் தினமும் இரண்டு ஆரஞ்சும் ஓர் எலுமிச்சையும். ஆறே நாளில் பழம் தீர்ந்துவிட்டது. ஆனால் அதற்குள் அந்த இருவரில் ஒருவர் வேலைக்குத் திரும்பும் அளவுக்குத் தேறிவிட்டார். மற்றதெல்லாம் ஒன்றாக இருக்க, ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கும் இந்த முறையை நான் பீரங்கியைவிடப் பெரிய கண்டுபிடிப்பு என்பேன்.

ஆனாலும் விடை உடனே ஊருக்குப் போய்ச் சேரவில்லை. கெடாமல் வைக்கச் சாற்றைச் சூடாக்கிச் சுண்ட வைக்கலாம் என்று லிண்டே எழுதினார். சூட்டில் வைட்டமின் சி அழிந்துவிடும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. பிரிட்டிஷ் கடற்படை மாலுமிகளுக்கு எலுமிச்சைச் சாறு கொடுக்க முடிவானது 1795இல்தான். அதன்பின் அந்தக் கப்பல்களால் மாதக்கணக்கில் கடலிலேயே நின்று பிரெஞ்சுத் துறைமுகங்களை முற்றுகையிட முடிந்தது. நெப்போலியனின் கடற்படை வெளியே வரத் திணறியதில் இந்தப் புளிப்புச் சாற்றுக்கும் பங்கு உண்டு.

பிறகு பிரிட்டன் ஒரு தவறு செய்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில், மத்தியதரைக் கடல் எலுமிச்சையை விட்டுவிட்டு, தன் குடியேற்ற நாடுகளான மேற்கிந்தியத் தீவுகளின் லைம் பழத்துக்கு மாறியது. அதில் வைட்டமின் சி குறைவு. நீராவிக் கப்பல்கள் விரைவாகக் கரை சேர்ந்ததால் குறை வெளியே தெரியவில்லை. 1875இல் வட துருவத்தை நோக்கிப் போன குழுவை ஸ்கர்வி மீண்டும் பிடித்தபோது, பழச்சாறே பயனற்றது என்று பலர் நினைத்துவிட்டார்கள்.

இந்தக் குழப்பம் தீர 1930கள் வரை ஆயிற்று. ஹங்கேரியின் ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி தன் ஊரில் விளைந்த குடைமிளகாய் இனத்திலிருந்து வைட்டமின் சியைக் கிலோ கணக்கில் பிரித்தெடுத்தார். 1937இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.