ஆள் மாறினாலும் ஓட வேண்டிய சர்வர்

இரத்த தானக் குழு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அவசரத்துக்குக் கொடையாளரைத் தேடித்தரும் இளைஞர்கள் சேர்ந்து நடத்துவது. அவர்களின் ஒரே சொத்து ஒரு பட்டியல்: பெயர், கைபேசி எண், இரத்த வகை, கடைசியாக இரத்தம் கொடுத்த தேதி. ஆண்கள் 90 நாள், பெண்கள் 120 நாள் இடைவெளி விட்டுத்தான் மறுபடி கொடுக்கலாம் என்பதால் அந்தத் தேதி தப்பக் கூடாது. பெரும்பாலும் இந்தப் பட்டியல் யாரோ ஒருவருடைய மின்னஞ்சல் கணக்கில் எக்செல் கோப்பாகக் கிடக்கும். அவருக்கு வெளியூரில் வேலை கிடைத்தால் பட்டியலும் அவரோடு கிளம்பிவிடும்.

அதனால்தான் குழுவுக்கென்று ஒரு சர்வர் வைக்கலாம் என்ற யோசனை வருகிறது. நல்ல யோசனைதான். ஆனால் சர்வரை நிறுவியவருக்கு மட்டுமே அதன் கடவுச்சொல் தெரியும் என்றால், பழைய சிக்கல் புது வீட்டுக்குக் குடிபோயிருக்கிறது, அவ்வளவுதான். சம்பளத்துக்கு ஆள் வைக்கும் நிறுவனம் வேறு, தன்னார்வக் குழு வேறு. இங்கே ஆட்கள் வருவார்கள், போவார்கள். அதை ஒரு குறையாக நினைக்காமல், இயல்பு என்று ஏற்றுக்கொண்டு முதல் நாளிலேயே அதற்கேற்ப அமைக்க வேண்டும்.

இந்த வேலைக்கு லினக்ஸ் இயங்குதளம் பொருந்துவதற்குக் காரணம் அது இலவசம் என்பது மட்டுமல்ல. அதன் மூதாதையான யூனிக்ஸ் 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிறந்தது. ஒரே கணினியைப் பலர் பங்கிட்டுக்கொண்ட காலம் அது. யாருடைய கோப்பை யார் பார்க்கலாம் என்ற கேள்விக்கு அங்கே சில ஆண்டுகளில் உருவான விடை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளர் ஒருவர், குழு ஒன்று, பிறகு மற்றவர்கள். படிக்க 4, எழுத 2, இயக்க 1 என்று எண் கொடுத்து, ஒவ்வொரு தரப்புக்கும் தனித்தனியே கூட்டி எழுதுவார்கள். கொடையாளர் பட்டியலுக்கு 640 என்று அனுமதி வைத்தால், உரிமையாளர் படிக்கவும் எழுதவும் செய்யலாம், குழுவினர் படிக்க மட்டும் செய்யலாம், மற்ற எவருக்கும் ஒன்றும் இல்லை. 1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸின் மையக்கருவான கர்னலை எழுதத் தொடங்கியபோது இந்த ஏற்பாட்டையே பின்பற்றினார். பலர் கூடிப் புழங்கும் இடத்துக்கான ஒழுங்கு அந்த அமைப்பின் அடித்தளத்திலேயே இருக்கிறது.

லினக்ஸில் பல வகைகள் உண்டு. தன்னார்வக் குழுவுக்கு நான் டெபியனைத்தான் சொல்வேன். 1993இல் இயன் மர்டாக் தொடங்கிய அதை இன்றுவரை எந்த நிறுவனமும் சொந்தம் கொண்டாடவில்லை. உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் பராமரிக்கிறார்கள், தலைவரை ஆண்டுதோறும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் வெளியிட்ட பாஸ் லினக்ஸும் டெபியன் மீது கட்டப்பட்டதே. 2025 ஆகஸ்டில் வந்த 13ஆம் பதிப்பின் பெயர் ட்ரிக்ஸி. நீண்டகால ஆதரவையும் சேர்த்தால் ஒரு பதிப்புக்கு ஏறத்தாழ 5 ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் புதுப்பித்துக்கொண்டிருக்க நேரமில்லாதவர்களுக்கு அந்த நிதானம் பெரிய உதவி.

யாரோ கொடுத்த பழைய கணினியே போதும். திரையில் படமும் சாளரமும் காட்டாத டெபியனுக்கு 512 எம்பி நினைவகம் இருந்தால் ஓடும். நம் தேவைக்கு 4 ஜிபி இருந்தால் தாராளம். ஒரே நிபந்தனை, அது 64 பிட் கணினியாக இருக்க வேண்டும். 32 பிட் இன்டெல் கணினிகளுக்கான நிறுவியை ட்ரிக்ஸியில் நிறுத்திவிட்டார்கள். பயாஸில் ஒரு அமைப்பையும் மாற்றிவிடுங்கள்: மின்சாரம் போய்த் திரும்பியதும் கணினி தானாக இயங்கத் தொடங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மின்தடைக்குப் பிறகு பொத்தானை அழுத்த யாராவது அலுவலகத்துக்கு ஓட வேண்டிய நிலை கூடாது.

நிறுவும்போது டெபியன் நிறுவி ரூட் கடவுச்சொல்லைக் கேட்கும். ரூட் என்பவர் எல்லாம் வல்ல பயனர். எந்தக் கோப்பையும் அழிக்கலாம், தடுக்க ஆளில்லை. அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுங்கள். அப்போது ரூட் கணக்கு முடக்கப்படும். முதல் பயனருக்கு சூடோ என்ற கருவி வழியாக, தேவைப்படும்போது மட்டும் அந்த அதிகாரம் கிடைக்கும். ஒரு கடவுச்சொல்லை ஐந்து பேர் பகிர்ந்துகொண்டால் யார் என்ன செய்தார் என்று தெரியாது. சூடோ மூலம் செய்த ஒவ்வொன்றும் செய்தவர் பெயரோடு பதிவேட்டில் ஏறும். நிர்வாக அதிகாரம் குறைந்தது இரண்டு பேருக்கு, முடிந்தால் மூன்று பேருக்கு இருக்கட்டும். விலகிப் போகிறவரின் கணக்கை மூடினால் மற்ற யாரும் கடவுச்சொல் மாற்ற வேண்டியதில்லை.

சர்வருக்குள் தொலைவிலிருந்து நுழைய எஸ்எஸ்ஹெச் என்ற நிரல் இருக்கிறது. ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டுத் திருடிய சம்பவத்துக்குப் பிறகு, டாட்டு உலோனென் என்ற ஆய்வாளர் 1995இல் எழுதியது. சர்வரை இணையத்தில் இணைத்ததுமே உலகெங்கிலுமிருந்து தானியங்கி நிரல்கள் வந்து எஸ்எஸ்ஹெச்சின் வாசலான 22ஆம் போர்ட்டில் கடவுச்சொற்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கத் தொடங்கும். அதனால் கடவுச்சொல் நுழைவையே நிறுத்திவிட்டு, ஒவ்வொருவரும் தத்தம் கணினியில் உருவாக்கும் சாவி இணையைப் பயன்படுத்த வேண்டும். இணையில் ஒரு பாதி சர்வரில் இருக்கும். மறுபாதி அவரவர் கணினியை விட்டு வெளியே வரவே கூடாது. அமைப்பை மாற்றும்போது திறந்திருக்கும் இணைப்பை மூடாமல், இன்னொரு சாளரத்தில் நுழைந்து பார்த்துவிட்டு மூடுங்கள். தேவையற்ற இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலைப் போடும்போதும் இதே கவனம் வேண்டும். இல்லையென்றால் நம் வீட்டுக் கதவை நாமே பூட்டி வெளியே நிற்போம்.

எஸ்எஸ்ஹெச் பற்றிப் பேசும்போது 2024 மார்ச் 29ஐச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற மென்பொருளாளர் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் வேகத்தைச் சோதித்துக்கொண்டிருந்தார். அவருடைய சோதனைக் கணினியில் எஸ்எஸ்ஹெச் நுழைவு அரை விநாடி கூடுதலாக எடுத்தது. அரை விநாடிதானே என்று அவர் விட்டுவிடவில்லை. தோண்டிப் பார்த்தபோது, கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற சிறிய மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ரகசியக் கதவு ஒன்று வைக்கப்பட்டிருந்தது. வைத்தவருக்கு உரிய சாவி இருந்தால், பாதிக்கப்பட்ட சர்வர்களுக்குள் எங்கிருந்தும் நுழைந்திருக்கலாம்.

அந்தக் கதவு எப்படி வந்தது என்பதே நமக்கு முக்கியம். எக்ஸ்இசட்டை லாஸ்ஸே காலின் என்ற ஒரே ஆள், பொழுதுபோக்காக, ஊதியமின்றிப் பல ஆண்டுகள் பராமரித்துவந்தார். உலகின் எண்ணற்ற சர்வர்கள் அதைச் சார்ந்திருந்தன. அவருக்குத் துணையாக யாருமில்லை. ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் வந்து இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகப் பொறுமையாக நல்ல திருத்தங்களை அனுப்பினார். வேறு சில பெயர்களில், வேலை மெதுவாக நடக்கிறது, இன்னொருவரிடம் பொறுப்பைக் கொடுங்கள் என்று காலினுக்கு நெருக்கடி வந்தது. அவரும் பொறுப்பைப் பகிர்ந்தார். ஜியா டான் யார் என்பது இன்றுவரை வெளிவரவில்லை. காலினைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தனியாக விடப்பட்டவர் அவர். டெபியனின் நிலையான பதிப்புக்கு அந்த நிரல் வந்து சேர்வதற்குள் பிடிபட்டுவிட்டது. சோதனைப் பதிப்புகளோடு நின்றது. சர்வரில் நிலையான பதிப்பைத் தவிர வேறெதையும் போடாதீர்கள் என்று சொல்வதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டாம்.

அதற்காகப் புதுப்பிக்காமல் இருப்பதும் ஆபத்தே. அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ் என்ற தொகுப்பை நிறுவிவிட்டால் பாதுகாப்புத் திருத்தங்கள் தினமும் தானாக வந்து சேரும். இணையதளத்துக்கான பாதுகாப்புச் சான்றிதழை லெட்ஸ் என்க்ரிப்ட் இலவசமாகத் தருகிறது. அது 90 நாளே செல்லும், ஆனால் செர்ட்பாட் என்ற நிரல் தானே புதுப்பித்துக்கொள்ளும். ஆள் மறந்துபோகக்கூடிய வேலை எதுவோ அதைக் கணினியிடம் ஒப்படைப்பது தன்னார்வக் குழுவுக்கு மிகவும் அவசியம்.

ஒரு நடைமுறைத் தடை. நம் ஊர் பிராட்பேண்ட் இணைப்புகள் பலவற்றில் வீட்டுக்கென்று தனிப் பொது ஐபி முகவரி கிடைப்பதில்லை. பல வீடுகள் ஒரே முகவரிக்குப் பின்னால் இருக்கும். வெளியிலிருந்து சர்வரை அணுக, நிலையான முகவரியைக் காசு கொடுத்து வாங்கலாம். அல்லது வயர்கார்டு சுரங்க இணைப்பு போடலாம். மாத வாடகைக்குக் கிடைக்கும் மெய்நிகர் சர்வரும் ஒரு வழி. நிறுவும் முறை பெரிதாக மாறாது.

அடுத்தது காப்புப் பிரதி. இரண்டு வட்டுகளில் ஒரே தரவை எழுதும் ரெய்டு முறை இருந்தால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். ஒரு வட்டு பழுதானால் அது காப்பாற்றும், உண்மை. ஆனால் யாரோ தவறுதலாகப் பட்டியலை அழித்தால் இரண்டு வட்டிலும் ஒரே நொடியில் அழியும். எனவே தரவுக்கு மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்று வேறு கட்டடத்தில் என்பது பழைய நல்ல விதி. வெளியே போகும் பிரதியை மறையாக்கம் செய்தே அனுப்ப வேண்டும். ரெஸ்டிக் என்ற கருவி அதைத் தானாகவே செய்யும். ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் கோப்புகளை அப்படியே நகலெடுத்தால் பாதி எழுதிய நிலையில் சிக்கலாம். தரவுத்தளத்தின் டம்ப் கட்டளையால் முழுப்பிரதி எடுத்து, பிறகு அதை நகலெடுங்கள்.

கடைசியாக, செய்தவற்றை எழுதிவைப்பது. டெபியனில் அமைப்புக் கோப்புகள் பெரும்பாலும் இடிசி என்ற ஒரே அடைவில் இருக்கின்றன. இடிசிகீப்பர் என்ற சிறு நிரல் அந்த அடைவின் மாற்றங்களைக் கிட் என்ற கருவியின் வரலாற்றில் சேர்த்துவிடும்: எப்போது, எந்த வரி மாறியது. யார், ஏன் மாற்றினார் என்பதை ஆள்தான் எழுத வேண்டும். ஆங்கிலத்தில் திணறி எழுதுவதைவிட, குழுவினர் பேசும் தமிழிலேயே ஒரு நோட்டில் எழுதலாம். அதில் டொமைன் பெயர் யார் கணக்கில் பதிவாகியிருக்கிறது, எப்போது காலாவதியாகும் என்பதும் இருக்கட்டும். காப்புப் பிரதியின் கடவுச்சொல்லை மட்டும் நோட்டில் எழுதாமல், உறையில் இட்டு இருவரிடம் கொடுத்துவையுங்கள்.

பிறகு ஒரு விடுமுறை நாளில், சர்வரை நிறுவாத உறுப்பினர் ஒருவரிடம் காலிக் கணினியையும் அந்த நோட்டையும் காப்புப் பிரதியையும் கொடுங்கள். நிறுவியவர் பக்கத்தில் உட்காரலாம், வாய் திறக்கக் கூடாது. கொடையாளர் பட்டியல் புதுக் கணினியில் திறக்கும்வரை எங்கெல்லாம் அவர் தடுமாறி நிற்கிறாரோ, அங்கெல்லாம் நோட்டில் ஒரு வரி சேர்க்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை, ஒவ்வொரு முறையும் வேறொருவரைக் கொண்டு இதைச் செய்யுங்கள்.