கெடுதல் செய்யவில்லை, அது போதுமா?

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



வீடு சந்திக்கப் போகும் அருள்பணியாளர்கள் அடிக்கடி கேட்கும் வார்த்தை ஒன்று உண்டு. "நான் உண்டு, என் வேலை உண்டு சாமி. யாருக்கும் ஒரு கெடுதலும் நினைத்ததில்லை." இப்படிச் சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. ஞாயிறு திருப்பலியைத் தவறவிடமாட்டார்கள். கடன் வாங்கினால் திருப்பிக் கொடுப்பார்கள். ஊரில் நல்ல பெயர் இருக்கும். ஆனாலும் நற்செய்தியைக் கையில் எடுத்தால் ஒரு கேள்வி நம்மை நெருடுகிறது: கெடுதல் செய்யாமல் இருந்தால் மட்டும் போதுமா?

லூக்கா நற்செய்தி 16-ஆம் அதிகாரத்தில் வரும் செல்வரையும் இலாசரையும் நினைத்துப் பாருங்கள். அந்தச் செல்வர் இலாசரை அடித்தாரா? வாசலை விட்டு விரட்டினாரா? அப்படி எதையும் இயேசு சொல்லவில்லை. திருடிச் சேர்த்த பணம் என்றும் சொல்லவில்லை. வாசலில் புண்களோடு கிடந்தவரை அவர் ஒன்றும் செய்யவில்லை. அந்த 'ஒன்றும் செய்யவில்லை' என்பதுதான் அவருக்கு எதிராக நிற்கிறது. மத்தேயு 25-ஆம் அதிகாரத்தின் இறுதித் தீர்ப்பிலும் இதே நிலைதான். இடப்பக்கம் நிற்பவர்கள் செய்த கொடுமைகளின் பட்டியல் அங்கே இல்லை. செய்யாமல் விட்டவற்றின் பட்டியல்தான் வாசிக்கப்படுகிறது. திருப்பலியின் தொடக்கத்தில், கடமையில் தவறியதற்காகவும் நாம் மன்னிப்புக் கேட்பது இதனால்தான்.

மாற்கு 10-ஆம் அதிகாரத்தில் ஒருவர் ஓடிவந்து இயேசுவின் முன் முழந்தாளிடுகிறார். இளமையிலிருந்தே கட்டளைகள் எல்லாவற்றையும் கடைப்பிடித்தவர். இயேசு அதை மறுக்கவில்லை. அன்போடு அவரை உற்று நோக்குகிறார். பிறகு, இன்னும் ஒன்று குறைவுபடுகிறது என்று சொல்லி, உள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டுத் தம்மோடு வரும்படி அழைக்கிறார். அவரோ முகவாட்டத்தோடு திரும்பிப் போகிறார். நல்ல மனிதர், நல்ல மனிதராகவே வீட்டுக்குப் போய்விட்டார். சீடராக வரவில்லை.

நன்னடத்தைக்கும் தூய வாழ்வுக்கும் உள்ள வேறுபாடு இங்கே தெரிகிறது. நன்னடத்தை, "எதுவரை போனால் குற்றமில்லை?" என்று கேட்கும். தூய வாழ்வு, "ஆண்டவரே, என்னிடம் என்ன கேட்கிறீர்?" என்று கேட்கும். விவிலியத்தில் 'தூயது' என்றால் கடவுளுக்கென்று ஒதுக்கப்பட்டது. பீடத்தில் இருக்கும் திருக்கிண்ணத்தைப் பாருங்கள். நம் வீட்டு வெள்ளித் தம்ளர் அதைவிடப் பளபளப்பாக இருக்கலாம். ஆனால் திருக்கிண்ணம் ஆண்டவருக்கு உரியது; அதனால்தான் அது தூயது. திருமுழுக்கு நாளில் நாமும் அப்படி அவருக்கு உரியவர்களானோம்.

அப்படியானால் உலகத்தை விட்டு ஒதுங்கிவிட வேண்டுமா? லேவியர் நூல் 19-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். நான் தூயவர், நீங்களும் தூயோராய் இருங்கள் என்று கடவுள் அங்கே அழைக்கிறார். தொடர்ந்து அவர் சொல்பவை என்ன? வயலின் ஓரம் வரை அறுக்காமல் ஏழைக்கும் அந்நியருக்கும் கொஞ்சம் விட்டுவைக்க வேண்டும். வேலையாளின் கூலியை மறுநாள் காலைவரை வைத்துக்கொள்ளக் கூடாது. பார்வையற்றவர் வழியில் தடை வைக்கக் கூடாது. வீட்டு வேலைக்கு வரும் பெண்ணிடம், "சம்பளத்தை அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுச் செபமாலையைக் கையில் எடுக்கும்போது, இந்த அதிகாரம் நம் நினைவுக்கு வரட்டும்.

நம் மண்ணின் புனிதர் தேவசகாயம் இதை வாழ்ந்து காட்டினார். 1712-இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் அரசில் பொறுப்பும் மதிப்பும் உள்ள பதவியில் இருந்தவர். 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். அவர் ஏற்ற தேவசகாயம் என்ற பெயர், இலாசர் என்னும் பெயரின் தமிழ் வடிவம். ஆம், செல்வரின் வாசலில் கிடந்த அந்த ஏழையின் பெயர்தான்! நல்ல அதிகாரி என்ற பெயரோடு அவர் அமைதியாக வாழ்ந்து முடித்திருக்கலாம். ஆனால் சாதி வேறுபாடின்றி எல்லாரும் கடவுளின் பிள்ளைகள் என்று சொன்னார். அப்படியே எல்லாரோடும் பழகினார். 1749-இல் கைதாகி, ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் துன்புறுத்தப்பட்டு, 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று திருஅவை அவரைப் புனிதராக அறிவித்தது. அவர் குருவானவர் அல்ல, துறவியும் அல்ல. மனைவியோடு குடும்பம் நடத்திய பொதுநிலையினர்.

"அவ்வளவு பெரிய காரியம் நமக்கு எப்படி முடியும்?" என்று கேட்கலாம். தூய வாழ்வு எல்லாருக்கும் உரிய அழைப்பு என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் தெளிவாகக் கற்பித்தது. திருத்தந்தை பிரான்சிஸ் 2018-இல் இதைப் பற்றி எழுதிய திருத்தூது ஊக்கவுரையில், கடைக்குப் போகும் ஒரு பெண்ணை எடுத்துக்காட்டாகச் சொல்கிறார். வழியில் பக்கத்து வீட்டுக்காரியோடு பேசும்போது புறணி பேச மறுக்கிறார். வீடு திரும்பியதும், களைப்பாக இருந்தாலும் தம் பிள்ளை பேசுவதைப் பொறுமையாகக் கேட்கிறார். இவைதாம் தூய வாழ்வின் படிகள். இவற்றை நம் சொந்தப் பலத்தால் ஏறுவதில்லை; இறையருள் கைபிடித்து ஏற்றுகிறது. ஒப்புரவு அருளடையாளமும் நற்கருணையும் அதற்காகவே நமக்குத் தரப்பட்டுள்ளன.

அன்பு நேயர்களே, இன்றிரவு படுக்கப் போகும் முன், "நான் என்ன தப்புச் செய்தேன்?" என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். "என் வாசலில் இருப்பது யார்? நான் கண்டும் காணாமல் கடந்து போவது யாரை?" என்றும் கேளுங்கள். பேச்சுவார்த்தை இல்லாத அண்ணனாக இருக்கலாம். அடுத்த தெருவில் தனியாக இருக்கும் பாட்டியாக இருக்கலாம். ஒரு பெயர் மனதில் வரும். நாளை அந்த ஒருவரிடம் போங்கள். ஆண்டவர் உங்களுக்கு முன்பே அங்கே காத்திருப்பார். ஆமென்.