பஸ்ல படிச்ச பைத்தானும் ஒரு மெஸ் பில்லும்

நான் ஃபைனல் இயர் மெக்கானிக்கல். எல்.கே.ஜி.யிலிருந்தே இங்கிலீஷ் மீடியம். அதனால ஒற்றுப் பிழை கண்ணுல பட்டா எடிட்டர் டீமைத் திட்டாதீங்க, என்னைத் திட்டுங்க.

ஃபர்ஸ்ட் இயர்ல எல்லாரையும் போல நானும் பைத்தான் பேப்பர் எழுதினேன். முக்கியமான பத்து புரோகிராமை மனப்பாடம் பண்ணி பாஸும் ஆயிட்டேன். தேர்ட் இயர்ல பிளேஸ்மென்ட் பயம் வந்ததும், ஒழுங்கா கத்துக்கலாம்னு ஒரு புத்தகத்தை எடுத்தேன். அல் ஸ்வைகார்ட் எழுதிய 'ஆட்டோமேட் தி போரிங் ஸ்டஃப் வித் பைத்தான்'. 2015ல முதல் பதிப்பு வந்தது. எழுதியவரே தன்னோட வெப்சைட்ல இலவசமா படிக்கக் கொடுத்திருக்கார். முதல் பாதியில அடிப்படை: கண்டிஷன், லூப், ஃபங்ஷன், லிஸ்ட், டிக்ஷனரி, ஸ்ட்ரிங். அடுத்த பாதியில எக்செல், பி.டி.எஃப்., ஃபைல் பேர் மாத்துறது மாதிரி நிஜ வேலைகள்.

காலேஜ் பஸ்ல போன்லயே ஆறு சேப்டர் படிச்சேன். நல்ல புத்தகம், தெளிவா இருந்தது, எல்லாம் புரிஞ்சது. ரெஸ்யூமேல 'பைத்தான் – இன்டர்மீடியட்'னு போட்டேன். ஒரு கம்பெனி டெக்னிக்கல் ரவுண்ட்ல, ஒரு லிஸ்ட்ல இருக்கிற இரட்டைப்படை எண்களை மட்டும் கூட்டச் சொன்னாங்க. எழுதி முடிச்சா நாலே வரி. எனக்கு ஃபார் லூப் முடிவுல கோலன் போடணுமா வேண்டாமான்னே சந்தேகம் வந்துடுச்சு. அவங்க ரொம்ப மரியாதையா தேங்க்யூ சொல்லி அனுப்பிட்டாங்க.

அன்னிக்குத்தான் ஒண்ணு புரிஞ்சது. படிக்கும்போது புரியிறது வேற, கை எழுதுறது வேற. நீச்சல் வீடியோ பார்த்துட்டு கிணத்துல குதிச்ச கதைதான் என் கதை. மறுபடி முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிச்சேன், இந்தத் தடவை லேப்டாப்பைத் திறந்து வச்சுக்கிட்டு. அப்போ கத்துக்கிட்டதைத்தான் இங்க சொல்லப்போறேன்.

முதல்ல வெர்ஷனைப் பாருங்க

பைத்தானை உருவாக்கியவர் கிடோ வான் ராசம். நெதர்லாந்துக்காரர். 1991ல முதல் வெளியீடு வந்தது. பேர் பாம்பைப் பார்த்து வச்சது இல்லை, 'மான்ட்டி பைத்தான்'ங்கிற பிரிட்டிஷ் காமெடி குழுவைப் பார்த்து வச்சது. 2008ல வந்த பைத்தான் 3, பழைய பைத்தான் 2வோட பல இடத்துல ஒத்துப்போகாது. பைத்தான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1ஓட முடிஞ்சுபோச்சு. ஆனா சீனியர் கொடுத்த ஜெராக்ஸ்லயும் லைப்ரரி ஷெல்ஃப்லயும் அது இன்னும் உயிரோடதான் இருக்கு.

கண்டுபிடிக்க ஈஸியான வழி: பிரிண்ட்டுக்கு அப்புறம் பிராக்கெட் இல்லாம எழுதியிருந்தா அது பழைய புத்தகம். இன்னொரு வித்தியாசம் ஆபத்தானது. 7ஐ 2ஆல ஒரு சாய்கோடு போட்டு வகுத்தா பழசுல 3 வரும், புதுசுல 3.5 வரும். எரர் எதுவும் வராது, விடை மட்டும் மாறும். புதுசுல 3 வேணும்னா ரெண்டு சாய்கோடு போடணும்.

சேப்டர் கடைசியில இருக்கிறதுதான் சேப்டர்

ஃபங்ஷன் சேப்டர் முடிவுல கொலாட்ஸ் வரிசைன்னு ஒரு பயிற்சி இருக்கு. ஒரு எண்ணை எடுத்துக்கோங்க. இரட்டைப்படைன்னா பாதியாக்குங்க. ஒற்றைப்படைன்னா மூணால பெருக்கி ஒண்ணு கூட்டுங்க. 1 வர்ற வரைக்கும் இதையே செய்யணும். 3ல ஆரம்பிச்சா 10, 5, 16, 8, 4, 2, 1. அவ்வளவுதான். 27ல ஆரம்பிச்சா மட்டும் 111 படி போகும், நடுவுல 9232 வரைக்கும் ஏறும். போட்டுப் பாருங்க.

இந்தச் சின்ன பயிற்சியில நான் ரெண்டு இடத்துல விழுந்தேன்.

ஒண்ணு, கீபோர்டுல 3ன்னு அடிச்சா இன்புட் ஃபங்ஷன் அதை எண்ணா தராது, எழுத்தாத்தான் தரும். அதை இன்ட் போட்டு எண்ணா மாத்தாம, மீதி பார்க்க சதவீதக் குறியைப் போட்டுட்டேன். வந்த எரர், ஸ்ட்ரிங் ஃபார்மேட்டிங் பத்தி ஏதோ புலம்புச்சு. நான் எங்கடா ஃபார்மேட் பண்ணேன்னு ஒரு மணி நேரம் முழிச்சேன். விஷயம் என்னன்னா, சதவீதக் குறிக்கு எண்ணோட பக்கத்துல 'மீதி'ன்னு அர்த்தம், எழுத்தோட பக்கத்துல 'ஃபார்மேட் பண்ணு'ன்னு அர்த்தம். பைத்தான் தன் கோணத்துல சரியாத்தான் சொல்லியிருக்கு.

ரெண்டாவது, பாதியாக்க ஒத்தைச் சாய்கோடு போட்டேன். 5க்கு பதிலா 5.0ன்னு வர ஆரம்பிச்சது.

ரெண்டையும் புத்தகம் முன்னாடியே சொல்லியிருந்தது. பஸ்ல படிச்சப்போ தலையாட்டிட்டுப் போயிருந்தேன். எரர் வந்தா கடைசி வரியை முதல்ல படிங்க. என்ன வகை எரர்னு அங்கதான் இருக்கும். அதுக்கு மேல எந்த வரி எண்ணுன்னு இருக்கும். சிவப்பைப் பார்த்ததும் மூடிடாதீங்க.

தமிழ்ல ஒரு சின்ன சோதனை

பைத்தான் 3ல வேரியபிள் பேரைத் தமிழ்லயே வைக்கலாம், உண்மையா ஓடும். அப்புறம் 'தமிழ்'ங்கிற சொல்லோட நீளத்தைக் கேட்டுப் பாருங்க. நாம 3ன்னு நினைப்போம், அது 5ன்னு சொல்லும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளின்னு தனித்தனியா எண்ணுது. யூனிகோட் அப்படித்தான் சேமிச்சு வைக்குது. புத்தகத்துல இல்லாத இந்த மாதிரி கேள்வியை நாமளே கேட்டா, அந்த சேப்டர் அப்புறம் மறக்காது.

மெஸ் பில்

இப்ப மெயின் மேட்டர். எங்க ஹாஸ்டல்ல டிவைடிங் சிஸ்டம். மாசச் செலவை எல்லாரும் சாப்பிட்ட மொத்த நாளால வகுத்தா ஒரு நாள் ரேட். அதை அவங்கவங்க சாப்பிட்ட நாளால பெருக்கினா பில். உதாரணமா செலவு 9000, மூணு பேர் 30, 28, 17 நாள். மொத்தம் 75, ஒரு நாளுக்கு 120. பில் 3600, 3360, 2040. கூட்டினா 9000 வரணும், வருது. இந்த மாதிரி கையால சரிபார்க்கிற அளவுக்குச் சின்ன உதாரணத்தை முதல்ல ஓட விடுங்க.

மெஸ் கமிட்டியில இருந்ததால இதுக்கு ஸ்கிரிப்ட் எழுதினேன். பில் சரியா வந்தது. அந்த தைரியத்துல பாக்கிப் பட்டியலையும் சேர்த்தேன். போன மாச பாக்கியை ஒரு டிக்ஷனரியில வச்சு, இப்படி ஒரு வரி எழுதினேன்:

புது_பாக்கி = பழைய_பாக்கி

பணம் கட்டினவங்களுக்குப் புது_பாக்கியில கழிச்சேன். பழையதுக்கும் புதுசுக்கும் வித்தியாசம் இருந்தா கட்டிட்டாங்க, இல்லைன்னா கட்டலைன்னு லிஸ்ட் எடுத்து நோட்டீஸ் போர்டுல ஒட்டிட்டேன். சரிபார்க்கவே இல்லை.

அன்னிக்கு ராத்திரி ஒரு ஃபர்ஸ்ட் இயர் பையன் ரூம் வாசல்ல வந்து நின்னான். கையில பேங்க் சலான். "அண்ணா, அப்பா வட்டிக்கு வாங்கி கட்டினாருண்ணா. லிஸ்ட்ல என் பேர் இருக்கு. நாளைக்கு மெஸ்ல சாப்பிட விடுவாங்களாண்ணா?" போர்டுல போய்ப் பார்த்தா அந்த ஹாஸ்டல்ல ஒருத்தர்கூட பணம் கட்டலை, நான் உட்பட.

தப்பு அந்த ஒரு வரியில. வேரியபிளை நாம டப்பான்னு நினைக்கிறோம், சமக்குறி போட்டா உள்ள இருக்கிறது இன்னொரு டப்பாவுக்கு காப்பி ஆகும்னு நினைக்கிறோம். பைத்தான்ல வேரியபிள் ஒரு பெயர்ச்சீட்டு. அந்த வரி டிக்ஷனரியை காப்பி பண்ணலை, இருந்த ஒரே டிக்ஷனரிக்கு ரெண்டாவது பேர் ஒட்டுச்சு. வீட்டுல ஒரு பேர், ஸ்கூல்ல ஒரு பேர் மாதிரி. புதுசுல கழிச்சா பழையதுலயும் கழியும், வித்தியாசம் எப்பவும் பூஜ்யம்தான். தனி காப்பி வேணும்னா காப்பி மெத்தடைக் கூப்பிடணும். லிஸ்டுக்குள்ள லிஸ்ட் இருந்தா அதுவும் போதாது, டீப்காப்பி வேணும்.

இது லிஸ்ட் சேப்டர்லயே விளக்கமா இருக்கு. அந்தப் பக்கத்தைப் படிச்சப்போ பஸ் எந்த ஸ்டாப்ல நின்னதுன்னுகூட ஞாபகம் இருக்கு, பக்கத்துல என்ன இருந்ததுன்னு இல்லை.

அந்த லிஸ்டை அப்பவே கிழிச்சுட்டேன். அவனை உட்கார வச்சுத் திருத்தி, அவன் பேர் கட்டினவங்க பக்கம் வர்றதை அவன் கண்ணால பார்த்த பிறகுதான் அனுப்பினேன். இப்ப ஸ்கிரிப்ட் கடைசியில ஒரு சோதனை இருக்கு: வித்தியாசங்களோட கூட்டுத்தொகை, பேங்க்ல வந்த மொத்தத்துக்குச் சமமா இல்லைன்னா லிஸ்ட்டே வராது.

இந்த செம்மோட என் முறை முடியுது. ஸ்கிரிப்டை தேர்ட் இயர் பசங்க கையில கொடுக்கிறேன். அந்த வரிக்கு மேல தமிழ்ல ஒரு கமென்ட் இருக்கும்: 'காப்பியைத் தூக்கிடாதீங்க. ஒருத்தன் சாப்பாடு இதுல இருக்கு.'