உங்களுக்குத் தெரியுமா? பூட்டு இருக்கிறது, பூட்டியவர் இல்லை!

● எக்செலுக்கெல்லாம் பாட்டி 'விசிகால்க்'. டான் பிரிக்ளினும் பாப் ஃபிராங்ஸ்டனும் உருவாக்க, 1979-இல் ஆப்பிள் 2 கணினிக்கு வந்தது. அவர்களுடைய 'சாஃப்ட்வேர் ஆர்ட்ஸ்' நிறுவனத்தை 1985-இல் லோட்டஸ் என்ற மென்பொருள் நிறுவனம் வாங்கியது. விசிகால்க்கின் கதை அதோடு முடிந்தது. பல வருடங்கள் கழித்து, அதன் ஐபிஎம் பிசி பதிப்பை எல்லாருக்கும் இலவசமாகத் தர பிரிக்ளின் விரும்பினார். லோட்டஸும் அனுமதித்தது. ஆனால் கடையில் விற்ற ஃபிளாப்பிகளில் நகல் எடுக்க முடியாதபடி பூட்டு! கைகொடுத்தது, ஊழியர் ஒருவர் எடுத்து வைத்திருந்த பூட்டில்லாத சோதனைப் பிரதி. மொத்த நிரலும் 27 கிலோபைட் சொச்சம்தான். உருவாக்கியவருக்கே இந்தப் பாடு என்றால், காசு கொடுத்து வாங்கியவர் எங்கே போவார்?

● அந்தக் காலத்து ஃபிளாப்பிப் பூட்டின் சூட்சுமம் இது: தட்டில் ஏதாவது ஓர் இடத்தை வேண்டுமென்றே தப்பும் தவறுமாக எழுதி வைப்பார்கள். சாதாரணமாக நகல் எடுத்தால் அந்தத் தவறு கூடவே வராது. நிரல் ஓடத் தொடங்கியதும் முதல் வேலையாக அதைத்தான் தேடும். தவறு இருந்தால் அசல், இல்லாவிட்டால் போலி. தட்டின் காந்தப் பூச்சு நாளாக நாளாகக் கெடும். அப்போது அசலையே போலி என்று நிரல் சொல்லிவிடும். மாற்றித் தர நிறுவனம் இருக்காது.

● '4 ஏஎம்' என்ற புனைபெயரில் ஒருவர், ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆப்பிள் 2 தட்டுகளின் பூட்டைக் கழற்றி, கழற்றிய விதத்தையும் எழுதி 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' காப்பகத்தில் சேர்த்திருக்கிறார். அவர் தேடிப் பிடித்தவற்றில் நிறைய, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான பாட மென்பொருள்கள். அன்றைய திருட்டு நகல்காரர்கள்கூட அவற்றைச் சீண்டவில்லை. இது பெரிய தொண்டு.

● அமெரிக்காவில் 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி டிஜிட்டல் பூட்டை உடைப்பது குற்றம். ஆனால் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை விலக்குகள் தருவார்கள். 2003-இல், பழுதாகிவிட்ட, வழக்கொழிந்த டாங்கிளுக்கு (மென்பொருள் ஓடக் கணினியில் செருகியிருக்க வேண்டிய சாவி போன்ற சிறு கருவி) விலக்கு கிடைத்தது. 2015-இல், நிறுவனம் சர்வரை மூடியதால் முடங்கிய வீடியோ கேம்களுக்கும் கிடைத்தது.

● அதே 2015-இல் விண்டோஸ் 10 வந்தது. 'சேஃப்டிஸ்க்' பூட்டுப் போட்ட சிடி விளையாட்டுகள் அதில் ஓடவில்லை.

● அடோபி, தன் பழைய 'சிஎஸ் 2' தொகுப்பைச் சரிபார்க்கும் சர்வரை நிறுத்தியபோது, 2013 தொடக்கத்தில், சர்வரே தேவைப்படாத பதிப்பை வாடிக்கையாளர்களுக்குத் தந்தது. செய்ய முடியும் என்பதற்கு இதுவே சாட்சி. கடையை மூடுகிறவர்கள் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அதைக் கேட்பது வாங்கியவரின் உரிமை.

● முறையாக வாங்கிய மென்பொருள் தொலைந்தாலோ கெட்டாலோ உதவ ஒரு காப்புப் பிரதி எடுத்துக்கொள்ள இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் தருகிறது. உங்கள் கடைக் கணினியின் பின்னால், பிரிண்டர் போர்ட்டில் பழைய டாங்கிள் ஒன்று செருகியிருக்கிறதா? அது வேலை செய்யும்போதே, உள்ளே இருக்கும் கணக்குகளை எக்செலில் திறக்கும்படி வெளியே எடுத்து, இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள்.